மெஷின் பூஜையில் இருக்கிறது

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இப்போது வந்தால் 'பிரஷர் ஏறிடும், உட்காருங்க' என்று தண்ணீர் கொடுக்கிறார்கள். எண்பதுகளின் கடைசியில் இந்த மரியாதையெல்லாம் கிடையாது. திண்டிவனத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, 'அந்தப் பொண்ணுகிட்ட வாயைக் குடுக்காதீங்க' என்று புதிதாக வருபவர்களுக்கு வாசலிலேயே சொல்லி அனுப்புவார்கள். ஆனால் என் வாயில் அதிகம் அகப்பட்டவர் எங்கள் அலுவலகத்திலேயே இல்லை. அவர் விழுப்புரத்தில் இருந்தார்.

விழுப்புரம் தலைமை அலுவலகத்தில்தான் ஆலையின் கம்ப்யூட்டர் இருந்தது. இப்போது சர்வர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் அதைப் பெரிய மெஷின் என்போம். இரண்டு பீரோவை ஒட்டி வைத்த அளவுக்கு இருக்கும். ஊரெல்லாம் வியர்த்துக் கிடக்க, அதற்கு மட்டும் தனியாக ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசு போகக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி என்று மெட்ராஸ் இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். நம் ஆட்கள் தூசோடு நிறுத்தவில்லை. வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த அறைக்குக் காவல் தெய்வம் போல ஒரு ஆப்பரேட்டர் இருந்தார். நாற்பது வயது, நெற்றி நிறைய திருநீறு, தங்கமான மனிதர், அவசரம் என்ற சொல்லே தெரியாதவர். அவரைத்தான் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு டெர்மினல் கொடுத்திருந்தார்கள். டிவி மாதிரி ஒரு பெட்டி, அதற்கு ஒரு கீபோர்டு, பக்கத்தில் ஒரு பிரிண்டர். பச்சை எழுத்தில்தான் எல்லாம் வரும். இங்கே தட்டினால் விழுப்புரத்துப் பெரிய மெஷின் வேலை செய்யும். நடுவில் டெலிபோன் இலாகாவிடம் வாடகைக்கு எடுத்த கம்பி. அதில் ஒரு ஜோடி டெர்மினலுக்கு, இன்னொரு ஜோடி பேசுவதற்கு. பேசுகிற போனுக்கு நம்பரெல்லாம் கிடையாது. எடுத்தால் நேராக அந்த ஏசி அறையில் மணி அடிக்கும்.

காலையில் நான் போனை எடுத்து, "அண்ணே, லைனைத் திறங்க" என்பேன். அவர் தன் கன்சோலில் இரண்டு வார்த்தை தட்டி எங்கள் லைனைத் திறந்துவிடுவார். கன்சோல் என்பது பெரிய மெஷினை ஒட்டியே இருக்கும் தனித் திரையும் கீபோர்டும். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே தள்ளுவது, மெஷினை நிறுத்துவதா ஓட்டுவதா, எல்லாம் அதில்தான். அண்ணன் டீ குடிக்கப் போனால் ஒரு யுகம் ஆகும். அதுவரை திண்டிவனம் வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் போட்ட சண்டையில் மெட்ராஸ் இன்ஜினியர் மனமிறங்கி, எனக்கு ஒரு ரகசியச் சொல்லைக் கொடுத்தார். லைன் மூடியிருந்தாலும் அதைத் தட்டினால் என் டெர்மினலே அந்தக் கன்சோல் ஆகிவிடும். அண்ணன் அங்கே தட்டுவது என் திரையில் தெரியும், நான் இங்கே தட்டுவது அவர் திரையில் தெரியும். விழுப்புரத்தில் அந்த நாற்காலியில் நானே போய் உட்கார்ந்த மாதிரிதான்.

முதல் தடவை நான் அப்படி உள்ளே போனபோது, ஆளில்லாமல் எழுத்து தானாக ஓடுவதைப் பார்த்த அண்ணன் அறையை விட்டே ஓடிவிட்டார். மறுநாள் மெஷின் தலையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்ததாகக் கேள்வி. நான்தான் தட்டினேன் என்று புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகும், "சொல்லிட்டு வா தங்கச்சி, பேய் மாதிரி வராத" என்பார்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை. மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு மறுநாள் விஜயதசமி. இரண்டு நாளும் அலுவலகம் கிடையாது என்பதால் முதல் நாளே பூஜை போட்டுவிட்டுக் கிளம்புவது எல்லா ஆபீசிலும் வழக்கம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்று எங்கள் அதிகாரி மத்தியானச் சாப்பாட்டைக்கூட அரைகுறையாக முடித்துக்கொண்டு சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். அவர் சாது. எங்கேயாவது சத்தம் உயர்ந்தால் பாத்ரூமுக்குப் போய்விடுவார். ஆனால் பூஜை என்றால் அவரை யாரும் அசைக்க முடியாது.

அப்போதுதான் அந்த விவசாயி வந்தார். கிளியனூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். வேட்டியெல்லாம் காய்ந்த கரும்புத் தோகை கிழித்த கோடு. உள்ளே வந்தவர் என் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"இன்னாங்க ஐயா?" என்றேன்.

"கரும்பை வெட்டிட்டேம்மா."

எனக்கு உடனே சுர்ரென்று ஏறிவிட்டது. பதிவு செய்த கரும்பை ஆலை சொல்லும் நாளில்தான் வெட்ட வேண்டும். அந்த நாளைச் சொல்லும் காகிதத்துக்குப் பெயர் வெட்டு உத்தரவு. அது இல்லாமல் போகும் லாரி ஆலை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வெட்டிய கரும்பு வயலில் கிடக்கக் கிடக்கச் சாறு வற்றும், புளிக்கும். மூன்று நாள் தாண்டினால் அது அடுப்புக்குத்தான் ஆகும். இதை நாங்கள் ஊர் ஊராகப் போய் மைக் வைத்துச் சொல்லியிருந்தோம்.

"உத்தரவு வராம யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"பக்கத்துக் காட்டுக்கு வெட்டு ஆளுங்க வந்திருந்தாங்க. நேத்தோட வேற ஊருக்குப் போறோம்னாங்க. அப்புறம் எப்ப வருவாங்கன்னு தெரியாது. மழை வேற வரா மாதிரி இருக்குது. எப்படியும் உத்தரவு வந்துடும்னு நெனச்சி எறக்கிட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். கடல் பக்கம் வானம் கருத்துப் போயிருந்தது. "வருஷம் பூரா பாடுபட்டதும்மா. மொத்தமும் தரையில கெடக்குது."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அவர் உத்தரவு பெரிய மெஷினில் தயாராகத்தான் இருந்தது, காலையில்தான் பார்த்திருந்தேன். வெளியிடுவது ஒன்றுதான் பாக்கி. வெளியிட்டால் எங்கள் பிரிண்டரிலேயே அடித்து வந்துவிடும். ஆலைக்கு லீவு கிடையாது, லாரியும் தயார். ஒரு நிமிஷ வேலை. இதற்கா இந்த மனிதர் இப்படி நிற்கிறார் என்று நினைத்துப் போனை எடுத்தேன்.

"அண்ணே, லைனைத் திறங்க."

"திறக்க முடியாது தங்கச்சி," என்றார் அண்ணன் அமைதியாக. "மெஷின் பூஜையில இருக்குது."

பன்னிரண்டு மணிக்கே மானேஜர் வந்து எல்லா ஊர் லைனையும் மூடிவிட்டு, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். லைட் மினுக்கினால் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று மெஷினை மட்டும் நிறுத்தவில்லையாம். விஜயதசமி காலையில் அவரே வந்து மறுபூஜை போடும் வரை யாரும் தொடக் கூடாது. அண்ணன் நான்கு மணிவரை இருந்து அறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் உத்தரவு.

"நான் எங்க தொடறேன்? நான் திண்டிவனத்துல இருக்கேன்."

"நீ அங்க தட்டினா இங்க லைட் எரியுதே. அதுக்குப் பேரு இன்னா?"

"அண்ணே, ஆலையில மெஷின் ஓடிக்கினேதான் பூஜை வாங்குது. அதை நிறுத்தறாங்களா?"

"அதுக்குக் கீபோர்டு இல்லையே தங்கச்சி."

நான் வேறு பக்கமாகப் போனேன். "நான் மாதா கோயிலுக்குப் போறவ. எனக்கு ஆயுத பூஜையே கெடையாது. நான் தொட்டா உங்களுக்கு இன்னா?"

"உனக்கு இல்லம்மா. மெஷினுக்கு இருக்குதே!"

கம்ப்யூட்டருக்கு மதம் உண்டு என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு அதிகாரியைப் பார்த்தேன். அவர் சந்தனக் கிண்ணத்தோடு பாத்ரூம் பக்கம் திரும்பினார். சரி, கேட்டால்தானே தகராறு, ரகசியச் சொல் எதற்கு இருக்கிறது என்று அதைத் தட்டி நேராகக் கன்சோலுக்குள் புகுந்தேன்.

புகுந்ததும் திரை முழுக்க ஹெச் என்ற எழுத்து. ஹெச், ஹெச், ஹெச் என்று வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒரு எழுத்து தட்டினால் அதற்குப் பின்னால் இருபது ஹெச் வந்து உட்கார்ந்தது. ஒரு கட்டளையும் முழுசாகப் போகவில்லை. யாரோ அங்கே ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனோ போனில் இருக்கிறார், அந்தப் போன் அறையின் அடுத்த கோடியில் இருக்கிறது.

"அண்ணே, கீபோர்டு மேல இன்னா வெச்சிருக்கீங்க?"

அண்ணன் குரல் ரொம்ப இறங்கி வந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுது. சொல்லுங்க."

"தேங்காய் மூடி. தட்டுல எடம் இல்ல, அதான் ஒரு மூடியைக் கீபோர்டு மேல வெச்சேன். தங்கச்சி, அங்கேர்ந்து எல்லாம் தெரியுதா?"

"எல்லாம் தெரியுது."

"ஐயையோ, இரு," என்றார். ஏதோ சரசரத்தது. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

தேங்காய் மூடியின் வட்டமான முதுகு ஒரே ஒரு விசையில் உட்கார்ந்து கூத்தடிக்கிறது. எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அண்ணன் எடுக்க மாட்டேன் என்றார். மானேஜர் கற்பூரம் காட்டி வைத்ததை எடுத்தால் பூஜை கலைந்ததாக அர்த்தமாம். எனக்கு வந்த கோபத்தில் கம்பி வழியாகவே போய் அந்தத் தேங்காயை அவர் தலையில் உடைத்திருப்பேன். பஸ் பிடித்துப் போகலாம் என்றால் பண்டிகைக் கூட்டத்தில் நான்கு மணிக்குள் போய்ச் சேர முடியாது. போனாலும் இதே பதில்தான்.

விவசாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். "யம்மா, அந்தப் போனைக் குடு," என்று வாங்கினார். "ஐயா, வணக்கமுங்க. தேங்காயை எடுக்க வேணாங்க. வடக்கால கொஞ்சம் நகத்துங்க. வடக்கால நகத்தினா தப்பில்ல. புள்ளையார நாங்க அப்படித்தான் நகத்துவோம்."

அண்ணன் யோசித்தார். யோசிப்பது மூச்சிலேயே தெரிந்தது. "நகத்தலாம்தான்," என்றார் கடைசியில். "ஆனா இந்த ரூமுல வடக்கு எந்தப் பக்கம்?"

ஏசி அறையில் ஜன்னல் கிடையாது. வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் திசை தெரியவில்லை. "மெட்ராஸ் ரயிலு எந்தப் பக்கமா போவுதுன்னு பாத்துட்டு வாங்க, அதான் வடக்கு," என்றார் விவசாயி. அண்ணன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பு மாட்டிக்கொண்டு போய், கழற்றிவிட்டு வந்திருப்பார், அவ்வளவு நேரம் ஆயிற்று. கன்சோலில் உட்கார்ந்தால் இடது கைப் பக்கம் வடக்கு என்று தெரியவந்தது.

நகர்த்தும் வேலை தொடங்கியது. கை படக் கூடாது என்று ஊதுபத்திப் பெட்டியால் தள்ளினார். போனின் வயரை இழுத்த இழுப்பில் அது பாதி தூரம்தான் வந்தது. அதனால் ஒரு தடவை தள்ளுவது, ஓடி வந்து போனில் கேட்பது, திரும்ப ஓடுவது. எனக்கோ போனே தேவைப்படவில்லை. தேங்காய் எங்கே இருக்கிறது என்பதைத் திரையே சொன்னது. ஹெச் நின்று ஜி வந்தது.

"ஒரு விசை வந்திருக்கு, இன்னும் தள்ளுங்க!"

எஃப் வந்தது. டி வந்தது. விவசாயிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனால் எழுத்து மாறும்போதெல்லாம் ஊர்த் தேர் நகர்ந்த மாதிரி, "வருது, வருது" என்றார். எங்கள் அதிகாரி சந்தடி சாக்கில் வந்து, ராகுகாலத்துக்கு முன்னால் பொட்டு வைத்துவிட வேண்டும் என்று என் திரையின் நடுவிலேயே ஒரு பெரிய சந்தனப் பொட்டை அப்பிவிட்டார். டி போய் என்ன வந்தது என்று பொட்டைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். எஸ். அடுத்தது ஏ.

ஏ என்று பார்த்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கன்சோலில் ஏ எழுத்துக்கு இடது பக்கம் ஒரு சிவப்பு விசை இருந்தது. அதை அழுத்தினால் பெரிய மெஷின் அப்படியே நின்றுவிடும். நின்றால் மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் வந்துதான் கிளப்ப வேண்டும். பண்டிகை முடிந்து அவர் வருவதற்குள் இந்தக் கரும்பு விறகாகிவிடும்.

"அண்ணே, நிறுத்துங்க! தள்ளாதீங்க!"

அவர் போனுக்கு ஓடி வந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது, நல்லவேளை. "இன்னாச்சி?"

"பக்கத்துல செவப்பு விசை. இனிமே வடக்குப் பக்கம் போகக் கூடாது."

"அப்ப எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கமும் இல்லை. கிழக்கே சரஸ்வதி படம் சாய்த்து வைத்திருந்தது, இடிக்கும். மேற்கே தள்ளினால் பூஜைத் தேங்காய் தரையில் விழும். தெற்கு எமன் திசை, அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார். திரையில் ஏ, ஏ, ஏ என்று ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க யாரோ என்னை மரியாதையில்லாமல் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் எவ்வளவு கத்தினாலும் அந்த மூடி அசையப் போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதுதான் பயமாக இருந்தது.

விவசாயி மறுபடியும் போனை வாங்கினார். இந்தத் தடவை திசை பற்றியெல்லாம் பேசவில்லை.

"ஐயா, நான் தப்புப் பண்ணிட்டேன். கேக்காம வெட்டிட்டேன். என் மேல கோவம் வந்தா நாலு வார்த்தை திட்டுங்க. கரும்பு ஒரு பாவமும் பண்ணலீங்க."

அண்ணன் குரல் எனக்கும் கேட்டது. "நான் இன்னா பண்ணட்டுங்க? எங்க ஊர்லயும் கரும்புதான். எனக்குத் தெரியாதா? பூஜை போட்டவரு மானேஜருங்க. கலைச்சா என் வேலை போயிடும். வேலையை உடுங்க, சாமி குத்தம் ஆயிடும்னு பயமா இருக்குதுங்க. எனக்கும் புள்ளைங்க இருக்குது." அவர் வேண்டுமென்று அழும்பு பண்ணவில்லை, உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

விவசாயி போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். வானத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

அந்த நேரம் பார்த்து என் காதுக்குப் பின்னால் நறுக் நறுக் என்று ஒரு சத்தம். திரும்பினேன். எங்கள் அதிகாரி மூன்று மணிக்குள் பூஜையை முடித்துவிட்ட திருப்தியில், சாமிக்கு வைத்த பொரிகடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அது சாமிக்கு வெச்சது இல்லையா?"

"ஆமாம்மா. கற்பூரம் காட்டியாச்சே. இனிமே பிரசாதம்தானே?" என்று என் கையிலும் கொஞ்சம் போட்டார்.

நான் போனில் கத்திய கத்து ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். "அண்ணே! அந்தத் தேங்காய்க்குக் கற்பூரம் காட்டியாச்சா இல்லையா?"

"காட்டியாச்சு."

"அப்ப அது இன்னா?"

"தேங்காய்."

"கற்பூரம் காட்டினப்புறம் இன்னா?"

"பிரசாதம்," என்றார் மெதுவாக.

"பிரசாதத்தைச் சாப்பிடாம கீபோர்டு மேல போட்டு வெச்சா அது மட்டும் சாமி குத்தம் இல்லையா? நீங்க மெஷினைத் தொட வேணாம். கீபோர்டையும் தொட வேணாம். பிரசாதத்தை எடுத்துச் சாப்பிடுங்க!"

"முழுசுமா?"

"முழுசும்!"

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி மெல்லுவதை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் இருந்தவரும் திரும்பி வந்தார். ஏ, ஏ, ஏ, ஏ. சந்தனப் பொட்டுக்குப் பின்னால் போய் இந்தப் பக்கம் வந்தது. ஏ, ஏ. அப்புறம் நின்றது.

நின்றுவிட்டது. பச்சைக் கட்டம் ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. போனில் யாரோ தேங்காய்ச் சில்லைக் கடித்து மெல்லும் சத்தம் நெருங்கி வந்தது.

"தங்கச்சி," என்றார் வாய் நிறைய. "நான் மெஷினைத் தொடல."

"நீங்க எங்கண்ணே தொட்டீங்க? பிரசாதம்தான எடுத்தீங்க?"

"அவ்ளோதான். கொட்டாங்குச்சியைத் திரும்ப அங்கேயே வெச்சிடட்டுமா?"

"வைக்காதீங்க!" என்று நானும் அதிகாரியும் ஒரே குரலில் அலறினோம். சத்தம் கேட்டும் பாத்ரூமுக்குப் போகாமல் அவர் நின்றது என் ஞாபகத்தில் அந்த ஒரு தடவைதான்.

ஓடிக் கிடந்த ஏ எல்லாவற்றையும் அழித்தேன். திண்டிவனம் லைனைத் திறந்தேன். விவசாயியின் பதிவு எண்ணைத் தட்டி, வெளியிடு என்று கட்டளை கொடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டி மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. பிரிண்டர் ஒருமுறை இருமிவிட்டு, கரகரவென்று அடிக்கத் தொடங்கியது. அவர் பெயர், ஊர், வயலின் எண், மறுநாள் தேதி. அதிகாரி கிழித்து, கையெழுத்துப் போட்டு, பழக்க தோஷத்தில் அதற்கும் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கரும்பு மறுநாள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி லாரி தார் ரோட்டில் ஏறிய பிறகுதான் மழை பிடித்ததாக லாரிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். விஜயதசமியன்று மானேஜர் வந்து, ஒரு மூடி குறைகிறதே என்று கேட்கக்கூட இல்லையாம்.

ஆனால் அன்று மத்தியானம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. விவசாயி காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்காக மடித்து இடுப்பில் சொருகி, மேலே துண்டை இறுக்கிக் கட்டினார். எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. மேஜையில் கிடந்த ரிசீவரை இரண்டு கையாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஒரு கையால் முகத்தைத் துடைத்தார். பார்த்தே இராத ஒரு மனிதரிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சாப்டீங்களா?" என்றார்.

"சாப்ட்டேங்க," என்றது விழுப்புரம், இன்னும் மென்றுகொண்டே. "நீங்க?"

"இல்லீங்க. நேத்துலேர்ந்து ஒண்ணும் எறங்கல," என்றார். அதிகாரி பொரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் ஒரு கை அள்ளிக்கொண்டார். "இப்பத்தாங்க பசிக்குது."